தெய்வத் தலையும் செப்புக் காசும்

ரோமாபுரி வெள்ளிக் காசைப் பற்றி நமது பத்திரிகையில் தலையங்கம் எழுத வேண்டிய அவசியம் என்ன வந்தது என்று வாசகர்களில் சிலர் நினைக்கக் கூடும். அந்தக் காசு நமக்கு அன்னியமான வஸ்து அல்ல என்பதை அவர்களுக்கு முதலில் சொல்லிவிடுகின்றோம். கோயமுத்தூரை அடுத்த வெள்ளலூரில் 1842-ம் வருஷத்திலும், 1891-ம் வருஷத்திலும், மறுபடியும் 1931-ம் வருஷத்திலும் ரோமர்களின் வெள்ளிக் காசுகள் மண்ணுக்குள்ளிருந்து குவியலாக வெளிவந்தன. கரூர், பொள்ளாச்சி முதலிய இடங்களிலும் கிடைத்திருக்கின்றன. மிளகுக்கும், முத்துக்கும், துணிக்கும், கொங்கு நாட்டுப் பச்சைக் கல்லுக்கும் விலையாக இரண்டாயிரம் வருஷத்திற்கு முன் கப்பலில் வந்து இறங்கிய பணம் அது.

பண்டிதர்கள் இக்காசைப் பற்றிப் பேசும்போது பழந்தமிழரின் வாணிபப் பெருமை என்பதோடு நிறுத்திக்கொள்கின்றார்கள். பெருமை ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தக் காசின் மேல் என்ன உருவம் போட்டிருந்தது, என்ன எழுதியிருந்தது, அதை நம்பினதால் யார் பிழைத்தார்கள், யார் கெட்டார்கள் என்பதை ஒருவரும் பாமர மக்களுக்கு எடுத்துச் சொல்லுவதில்லை. ஆகவேதான் நாம் சொல்ல வருகின்றோம்.

அக்காசுக்குத் தெனாரியஸ் என்று பெயர். அகலத்தில் நமது பழைய வெள்ளிக் கால் ரூபாய் அளவுதான் இருக்கும். எடை நாலு கிராமுக்குச் சற்றுக் குறைவு. நமது நாட்டில் அதிகமாய் அகப்படுபவை இரண்டே தினுசுகள். ஒன்று, அகஸ்டஸ் என்னும் முதல் சக்கரவர்த்தி கி.மு. 2-ம் வருஷம் முதல் அடித்தது. அதன் முன்பக்கத்தில் அவர் தலையும், அதைச் சுற்றி, "சீசர் அகஸ்டஸ், தெய்வத்தின் மகன், தேசத்தின் தந்தை" என்ற பொருளில் எழுத்தும் இருக்கின்றன. பின்பக்கத்தில் காயஸ், லூசியஸ் என்ற இரண்டு பையன்கள் நிற்கின்றார்கள். இவர்கள் அவருடைய மகள் வயிற்றுப் பேரன்கள். அவர் சுவீகாரம் எடுத்துக்கொண்டவர்கள். பதினைந்து வயதளவிலேயே, நாட்டின் மிகப் பெரிய உத்தியோகமாகிய கான்சல் பதவிக்கு நியமனம் பெற்றுவிட்டவர்கள் என்பதும் காசிலேயே எழுதியிருக்கின்றது. இவர்களுக்கு நடுவில் கேடயமும் ஈட்டியும் சாய்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றுக்கு மேலே இரண்டு சிறிய சாமான்கள் தெரிகின்றன. ஒன்று, பூஜையில் சாராயம் வார்க்கும் புரோகிதனுடைய கரண்டி. மற்றொன்று, பறவை பறக்கும் திசையைப் பார்த்துச் சகுனம் சொல்லும் புரோகிதனுடைய வளைந்த கோல்.

தோழர்களே! இந்தச் சித்திரத்தைச் சற்று ஆலோசித்துப் பாருங்கள். கீழே ஈட்டி, மேலே கரண்டி, இரண்டுக்கும் இரு பக்கத்திலும் பிறப்பினாலேயே பதவிக்கு வந்த பையன்கள். உலகத்தில் ஒரு மனிதன் மற்றொரு மனிதனை அடக்கி ஆளுவதற்குக் கண்டுபிடித்த மூன்று கருவிகளும், அதாவது ஆயுதம், புரோகிதம், பிறவி உரிமை ஆகிய மூன்றும், முக்கால் அங்குல வட்டத்திற்குள் அடங்கிவிட்டன அல்லவா? அப்பையன்களோ பட்டத்துக்கு வரவேயில்லை. லூசியஸ் கி.பி. 2-லும், காயஸ் கி.பி. 4-லும் செத்துப் போனார்கள். கரண்டியும் கோலும் அவர்களைக் காப்பாற்றவில்லை.

மற்றொரு தினுசு, அடுத்த சக்கரவர்த்தியாகிய டைபீரியஸ் அடித்தது. அதில் அவர் "தெய்வமாகிய அகஸ்டஸின் மகன்" என்றும், பின்பக்கத்தில் "தலைமைப் புரோகிதர்" என்றும் தம்மைச் சொல்லிக்கொள்கின்றார். "இதில் இருக்கும் தலை யாருடையது?" என்று ஏசு கேட்டதாகக் கிறிஸ்தவ வேதத்தில் சொல்லப்படும் காசு இதுதான் என்று பலர் கொள்ளுகின்றார்கள். ஒரே காலத்தில் இரண்டு பேர் தெய்வ குமாரர்களாய் இருந்திருக்கின்றார்கள் போலும்! ஒருவருக்குப் பட்டாளமும் நாணயச் சாலையும் இருந்தன. மற்றவருக்குச் சிலுவை கிடைத்தது.

நிற்க, இந்தத் தெய்வத்தன்மை ஆதியிலிருந்தே ரோமாபுரிக் காசில் இருந்ததா என்று பார்த்தால், இல்லை. தெனாரியஸ் முதலில் அடிக்கப்பட்டது கி.மு. 211-ஐ ஒட்டி, ஹானிபலோடு யுத்தம் நடந்த காலத்தில். அப்பொழுது ரோமாபுரியில் ராஜா கிடையாது. காசில் ரோமா என்னும் தேவதையின் தலையும், குதிரை ஏறி வரும் இரட்டைத் தெய்வங்களும் இருந்தன. உயிரோடிருக்கும் மனிதனுடைய தலையை ரோமாபுரியின் காசில் போடுவது வழக்கமில்லை. கி.மு. 44-ல் தான் ஜூலியஸ் சீசர் தம்முடைய தலையைப் போட்டுக்கொண்டு, "நிரந்தர சர்வாதிகாரி" என்றும் எழுதிக்கொண்டார். பின்பக்கத்தில் வீனஸ் தேவி நிற்கின்றாள். ஏனென்றால் அவருடைய குலம் வீனஸ் தேவியின் வயிற்றிலிருந்து வந்ததாம்! நமது நாட்டு ராஜாக்கள் சூரிய வம்சம், சந்திர வம்சம் என்று சொல்லிக்கொண்டதற்கும் இதற்கும் என்ன பேதம்?

அந்த "நிரந்தரம்" மார்ச்சு மாதம் 15-ந் தேதி வரையில்தான் நடந்தது. அன்று சட்ட சபையார் கூடியிருந்த இடத்திலேயே அவரைக் குத்திக் கொன்றார்கள். கொன்றவர்களில் தலைவராகிய புரூட்டஸ், கி.மு. 42-ல் தாமும் ஒரு வெள்ளிக் காசு அடித்தார். அதன் பின்பக்கத்தில் இரண்டு கத்திகளும், அடிமைத்தனம் நீங்கியவன் போட்டுக்கொள்ளும் குல்லாயும் இருக்கின்றன. "மார்ச்சு 15" என்றும் எழுதியிருக்கின்றது. முன்பக்கத்தில் யார் தலை என்றால், புரூட்டஸின் தலைதான்! தலை போட்டுக்கொண்டவனைக் கொன்றவரும் தம்முடைய தலையையே போட்டுக்கொண்டார். ஆளைக் கொல்லுவதாலேயே ஆதிக்கம் ஒழிந்துவிடாது என்பதற்கு இதைவிட வேறு ருஜு என்ன வேண்டும்?

அதே கி.மு. 42-ல், செத்துப்போன சீசரைத் தெய்வம் என்று சட்ட சபை தீர்மானம் செய்தது. அவர் செத்த வருஷத்தில் ஆகாயத்தில் ஒரு வால் நட்சத்திரம் தெரிந்ததாம். அதுதான் சீசருடைய ஆவி என்று ஜனங்கள் நம்பினார்கள், அல்லது நம்பும்படி செய்யப்பட்டார்கள். சீசருடைய சுவீகார மகனாகிய அகஸ்டஸ் பிற்பாடு அந்த வால் நட்சத்திரத்தையே வெள்ளிக் காசில் அடித்து, "தெய்வமாகிய ஜூலியஸ்" என்று எழுதினார். அப்பன் தெய்வமானால் மகன் யார்? தெய்வத்தின் மகன்! ஒரு தீர்மானத்தில் அப்பனுக்கு மோட்சமும், மகனுக்கு ராஜ்யமும் கிடைத்தன.

இனி, கி.பி. 14-ம் வருஷத்திற்கு வருவோம். இந்த வருஷத்துச் சமாசாரம் ஒன்றே நம் மக்களுக்குப் போதுமானது. அவ்வருஷம் ஆகஸ்டு மாதம் அகஸ்டஸ் செத்தார். அவரையும் தெய்வமாக்க வேண்டியிருந்தது. அப்பொழுது நுமேரியஸ் அட்டிகஸ் என்ற ஒரு கனவான், அகஸ்டஸ் ஆகாயத்தில் ஏறிப்போனதைத் தம்முடைய கண்ணால் பார்த்ததாகச் சத்தியம் செய்தார். அவ்விதம் சத்தியம் செய்ததற்காக, அகஸ்டஸின் மனைவியாகிய லிவியா அவருக்குப் பத்து லட்சம் செஸ்டர்ஸ் வெகுமதி கொடுத்தாள் என்று, இருநூறு வருஷத்திற்குப் பின் ரோமாபுரிச் சரித்திரம் எழுதிய டியோ காசியஸ் சொல்லுகின்றார். நாலு செஸ்டர்ஸ் ஒரு தெனாரியஸ். ஆகவே மேற்படி சத்தியத்தின் விலை 2,50,000 வெள்ளிக் காசு.

அந்தக் காலத்தில் ஒரு சாதாரணச் சிப்பாயின் சம்பளம் வருஷத்திற்கு 225 வெள்ளிக் காசு. அப்படியானால் ஒரு சிப்பாய் சாப்பிடாமல், உடுத்தாமல், 1,111 வருஷம் வேலை செய்தால்தான் அந்தச் சாட்சி ஒரு நாளில் வாங்கிய கூலியைப் பார்க்கக் கூடும்.

அதே சமயத்தில் அந்தச் சிப்பாய்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? டான்யூப் நதிக்குத் தெற்கே பன்னோனியா என்னும் நாட்டில் மூன்று பட்டாளங்கள் கலகம் செய்துகொண்டிருந்தன. பெர்சென்னியஸ் என்ற ஒரு சாமானியச் சிப்பாய் அவர்களுக்குத் தலைவனாய் நின்றான். எங்களுடைய உடம்புக்கும் உயிருக்கும் ஒரு நாளைக்குப் பத்துச் செப்புக் காசுதான் மதிப்பா, அதிலேயே துணியும், ஆயுதமும், கூடாரமும் நாங்களே வாங்க வேண்டுமா, அடி தப்புவதற்கு மேலதிகாரிக்கு லஞ்சமும் அதிலேயே கொடுக்க வேண்டுமா என்பது அவர்கள் முறையீடு. பதினாறு செப்புக் காசு கொண்டது ஒரு தெனாரியஸ். எனவே அவர்கள் கேட்டது என்ன? நாளொன்றுக்கு ஒரே ஒரு வெள்ளிக் காசு. பொய்ச் சத்தியத்திற்கு இரண்டரை லட்சம் அள்ளிக் கொடுத்த குடும்பம், இந்த ஒரு காசு கொடுக்கச் சம்மதிக்கவில்லை.

அந்தக் கலகம் எப்படி அடங்கிற்று என்பதைத்தான் வாசகர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். டைபீரியஸின் மகன் டிரூசஸ் அங்கு அனுப்பப்பட்டான். அவன் பேசிப் பார்த்தும் ஒன்றும் பலிக்கவில்லை. கலகம் முற்றியிருந்த அந்த இரவில் சந்திர கிரகணம் பிடித்தது. செப்டம்பர் மாதம் 26, 27 தேதிகளுக்கு இடைப்பட்ட இரவு அது என்று வான சாஸ்திரிகள் இன்று கணக்குப் போட்டுச் சொல்லுகின்றார்கள். அதுவரையில் எதற்கும் அஞ்சாத சிப்பாய்கள் அதைக் கண்டு நடுங்கிப் போனார்கள். சந்திரன் பிழைத்தால் தங்கள் காரியமும் பிழைக்கும் என்று நினைத்து, வெண்கலத்தைத் தட்டினார்கள். கொம்பும் எக்காளமும் ஊதினார்கள். நடுவில் மேகம் வந்து சந்திரனை மூடிவிட்டது. சாமிக்கு நம் பேரில் கோபம், நமக்கு என்றைக்கும் இந்தக் கஷ்டம்தான் என்று அழத் தொடங்கினார்கள். இதைத் தெரிந்துகொண்ட டிரூசஸ், இதுதான் சமயம் என்று தன்னுடைய ஆட்களைக் கூடாரம் கூடாரமாய் அனுப்பி அவர்கள் ஒற்றுமையைக் கலைத்தான். மறு நாள் பெர்சென்னியஸும் மற்றொரு தலைவனும் கொல்லப்பட்டார்கள். கூலி உயரவில்லை. இதை எழுதி வைத்தவர் டாசிடஸ் என்னும் ரோமாபுரிச் சரித்திரக்காரர்.

ஈட்டிக்கு அடங்காத மூன்று பட்டாளம், பூமியின் நிழலுக்கு அடங்கிற்று. கிரகணம் என்பது சந்திரன் மீது பூமியின் நிழல் விழுவது என்ற ஒரு சிறு விஷயம் அந்தச் சிப்பாய்களுக்குத் தெரிந்திருந்தால், அந்த ஒரு வெள்ளிக் காசு அவர்களுக்குக் கிடைத்திருக்கலாம். அந்தத் தலைவர்களின் உயிரும் தப்பியிருக்கலாம். மூட நம்பிக்கை பாட்டிமார் சங்கதி, அதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று நம்மைக் கேட்கும் படித்தவர்களுக்கு இதுவே நமது பதில். மூட நம்பிக்கையின் நஷ்டம் எப்பொழுதும் ஏழையின் கூலியிலிருந்துதான் பிடித்தம் செய்யப்படுகின்றது.

அன்றியும், அந்த வெள்ளி எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டாமா? ஸ்பெயின் தேசத்தில் புதிய கார்த்தேஜ் என்னும் பட்டணத்தை அடுத்த வெள்ளிச் சுரங்கங்களில் 40,000 பேர் வேலை செய்தார்கள் என்றும், அதனால் ரோமாபுரிக்கு நாள் ஒன்றுக்கு 25,000 வெள்ளிக் காசு வருமானம் வந்தது என்றும், பொலிபியஸ் என்ற கிரேக்கர் சொன்னதாக ஸ்டிராபோ எழுதியிருக்கின்றார். இச்சுரங்கங்களில் வேலை செய்த அடிமைகள், மேஸ்திரிகளின் அடியினால் ஓய்வென்பதே இல்லாமல் உழைத்து, பூமிக்குள்ளேயே மாண்டார்கள் என்று டியோடோரஸ் எழுதியிருக்கின்றார். அவர்கள் தலை எந்தக் காசிலும் இல்லை. வெஸ்பேசியன் காலத்தில் ஒரு காசில் அடிமைப்பட்டவர்களின் உருவம் வருகின்றது. கி.பி. 70-ல் யூதர்களின் ஜெருசலேம் பட்டணத்தை இடித்த வெற்றிக்கு அறிகுறியாக, யூதப் பெண் ஒருத்தி தரையில் உட்கார்ந்து அழுவது போல் அதில் அடித்திருக்கின்றார்கள். இந்த வெஸ்பேசியன்கூடத் தாம் சாகும் தறுவாயில், தாம் தெய்வமாகிக்கொண்டிருப்பதாகத் தோன்றுகிறது என்று கேலி செய்தாராம். உள்ளேயிருந்து நடத்துகின்றவர்களுக்கு அதன் யோக்கியதை எப்பொழுதும் தெரியும் என்பதற்கு இது ஒரு அத்தாட்சி.

இதுவரையில் தலையைப் பார்த்தோம். இனி உலோகத்தைப் பார்ப்போம்.

அகஸ்டஸின் காசில் நூற்றுக்கு 95 பங்குக்கு மேல் வெள்ளி இருந்தது. நீரோ கி.பி. 64-ல் காசின் எடையைக் குறைத்தார், ஒரு ராத்தல் வெள்ளிக்கு 84 காசு என்றிருந்தது 96 காசாயிற்று, செம்பும் கலந்தது. பின்னால் வந்தவர்கள் மேலும் மேலும் கலந்தார்கள். கி.பி. 195-ஐ ஒட்டி செப்டிமியஸ் செவெரஸ் காலத்தில் வெள்ளி ஏறக்குறையப் பாதியாய்விட்டது. அதே சமயத்தில் இவர் என்ன செய்தார் தெரியுமா? பதினைந்து வருஷத்திற்கு முன்பே செத்துத் தெய்வமாக்கப்பட்டிருந்த மார்க்கஸ் அரேலியஸுக்குத் தாம் மகன் என்று தாமாகவே அறிவித்து, "தெய்வமாகிய மார்க்கஸின் மகன்" என்று காசிலும் போட்டுக்கொண்டார். உங்களுக்கு ஒரு தகப்பனார் கிடைத்ததற்குச் சந்தோஷம் என்று ஒருவர் அவரைக் கேலி செய்ததாக டியோ எழுதியிருக்கின்றார்.

அவருடைய மகன் காரகல்லா கி.பி. 215-ல் ஒரு புதிய காசு வெளியிட்டார். அதன் மதிப்பு இரண்டு தெனாரியஸ் என்று கொள்ளப்படுகின்றது. ஆனால் எடையோ ஏறக்குறைய ஒன்றரைக் காசுதான். மீதி அரைக் காசுக்கு என்ன வைத்தார் என்றால், சக்கரவர்த்தியின் தலையில் சூரிய கிரணம் வீசும் கிரீடத்தை வைத்தார்! சக்கரவர்த்தினியின் உருவத்துக்குக் கீழே பிறைச் சந்திரனை வைத்தார்கள். வெள்ளி குறைந்த இடத்தைச் சூரிய சந்திரர்களைக் கொண்டு நிரப்பினார்கள். அதற்குப் பின் ஐம்பது வருஷத்தில், கல்லியேனஸ் ஆட்சியின் முடிவில், அந்தக் கிரண கிரீடக் காசில் வெள்ளி நூற்றுக்கு 5 பங்குக்கும் கீழே போய்விட்டது. மேலே மெல்லிய வெள்ளித் தோல், உள்ளே செம்பு. அந்தக் காசுகளில் அப்பல்லோ, டயானா, நெப்டியூன் முதலிய சாமிகள் சக்கரவர்த்தியைக் காப்பாற்றுகின்றவர்கள் என்று வரிசையாக எழுதியிருக்கின்றது. கல்லியேனஸ் கி.பி. 268-ல் தம்முடைய ஆட்களாலேயே கொல்லப்பட்டார். பின் வந்த ஆரேலியன், தாம் செத்த பிறகு சட்ட சபை தீர்மானம் போடும் வரை காத்திருக்கவில்லை. "பிறவியிலேயே தெய்வமும் ஆண்டவனுமாகிய ஆரேலியன்" என்று இன்றைய பல்கேரியாவில் இருந்த நாணயச் சாலையில் காசு அடித்தார்கள். அக்காசில் வெள்ளி இருபதில் ஒரு பங்கு அளவுதான். அந்தப் பிறவித் தெய்வத்தை கி.பி. 275-ல் அவருடைய உத்தியோகஸ்தர்களே வெட்டிக் கொன்றார்கள்.

வாசகர்களே! இரண்டு கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வெள்ளி 95 பங்கு இருந்தபோது ராஜா தெய்வத்தின் மகன். வெள்ளி பாதியானபோது, செத்தவரை அப்பனாகத் தேடிக்கொண்ட தெய்வ மகன். வெள்ளி 5 பங்கானபோது, அவரே பிறவித் தெய்வம்! சரக்கு கெடக் கெட விளம்பரம் பெருகிற்று. நல்ல வெள்ளிக்குச் சாமி சாட்சி எதற்கு? அதன் எடையும் ஓசையுமே சாட்சி சொல்லும். செம்பை வெள்ளி என்று கொடுக்க வேண்டியவனுக்குத்தான் ஆகாயத்திலிருந்து சாட்சி தேவைப்படுகின்றது.

இவ்வளவு தெய்வங்கள் காவல் இருந்தும் காசு செலாவணியாயிற்றா? எகிப்து தேசத்தில் ஆக்ஸிரிங்கஸ் என்ற ஊரில் குப்பை மேட்டிலிருந்து பழைய ஓலைகளைப் போன்ற காகிதச் சுவடிகள் ஏராளமாய் எடுக்கப்பட்டிருக்கின்றன. அதில் கி.பி. 260-ம் வருஷத்து அதிகாரியின் உத்தரவு ஒன்று. சக்கரவர்த்திகளின் தெய்வீகக் காசை வாங்க இஷ்டமில்லாமல் காசு மாற்றுகிறவர்கள் தங்கள் கடைகளை மூடிவிட்டார்களாம். உடனே கடையைத் திறக்க வேண்டும், கள்ளக் காசு தவிர மற்றதையெல்லாம் வாங்க வேண்டும், மீறினால் தண்டனை என்று அந்த உத்தரவு சொல்லுகின்றது. தெய்வீகக் காசு என்று உத்தரவிலேயே எழுதியிருக்கின்றது! தெய்வத்தைக் காப்பாற்றத் தாசில்தார் உத்தரவு போட வேண்டியிருக்கின்றது. அந்தக் கடைக்காரர்கள் நாஸ்திகர்கள் அல்ல. கோயிலுக்குப் போகிறவர்களாகவே இருந்திருப்பார்கள். ஆனால் கணக்கு என்று வந்தவுடன் தெய்வத்தை நம்பக் கூடாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பின்னர் டயோக்ளீஷியன் காலத்தில் சர்க்காரே வரியின் பெரும் பாகத்தைத் தானியமாகவும் பண்டமாகவும் வசூலித்தது. தான் அடித்த தெய்வக் காசைத் தானே நம்பாத சர்க்கார், அதைக் கூலிக்காரனுடைய கையில் மட்டும் வைத்து அழுத்திற்று.

இதற்கு நேர்மாறாக, அந்தக் காசு கடல் கடந்து வந்த இடத்தில் நடந்ததைக் கேளுங்கள். கிளாடியஸ் சக்கரவர்த்தி காலத்தில் ரோமன் ஒருவன் காற்றில் அடிபட்டு இலங்கைக்கு வந்து சேர்ந்தான். அவனிடம் இருந்த காசுகளை இலங்கை அரசன் வாங்கிப் பார்த்தான். தலைகள் வேறு வேறாயிருந்தும் எடை எல்லாவற்றிலும் ஒன்றாகவே இருந்ததைக் கண்டு, இவர்கள் நேர்மையானவர்கள் என்று ஆச்சரியப்பட்டானாம். இதை எழுதியவர் பிளினி. அந்த அரசன் தலைகளைக் கும்பிடவில்லை, தராசில் போட்டான் என்பதே இதில் விஷயம். 1898-ம் வருஷத்தில் புதுக்கோட்டைச் சீமையில் 501 ரோமாபுரிப் பொன் காசுகள் கிடைத்தன. அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றில் சக்கரவர்த்தியின் தலைக்குக் குறுக்கே உளியால் ஒரு வெட்டு விழுந்திருக்கின்றது. அந்த வெட்டுக்குக் காரணம் என்ன என்று அறிஞர்கள் பலவிதமாய்ச் சொல்லுகின்றார்கள். காரணம் எதுவானாலும், வெட்டினவன் கையை எந்தத் தெய்வமும் பிடிக்கவில்லை. வெட்டுப்பட்டதால் பொன்னும் பித்தளையாகிவிடவில்லை. நமது பழைய நூல்களில் நாணயம் சோதிக்கிறவனுக்கு வண்ணக்கன் என்று பெயர். புலவர்களிலேயே வண்ணக்கர்கள் இருந்தார்கள். சோதிப்பது இழிவு, நம்புவதே மேன்மை என்று அவர்கள் நினைக்கவில்லை.

ஆனால் நாம் நம்மையே மெச்சிக்கொள்ளுவதற்காக இதைச் சொல்லவில்லை. காசைச் சோதித்த வம்சத்தார், தங்கள் தலையில் பிற்பாடு அடிக்கப்பட்ட முத்திரையைச் சோதித்தார்களா என்று கேட்கின்றோம். பிறக்கும்போதே ஒருவன் மேல் உயர்ந்தவன் என்றும், மற்றொருவன் மேல் தாழ்ந்தவன் என்றும் அடித்துவிட்ட முத்திரையை யார் அடித்தது, எந்த நாணயச் சாலையில் அடித்தது, சுரண்டிப் பார்த்தால் உள்ளே இருப்பது என்ன உலோகம் என்று எத்தனை பேர் கேட்டார்கள்? சட்டி வாங்கினால் தட்டிப் பார்க்கின்றோம். கத்தரிக்காய் வாங்கினால் புழு இருக்கின்றதா என்று புரட்டிப் பார்க்கின்றோம். மனிதனை மாத்திரம் முத்திரையைப் பார்த்தே மதிக்கின்றோம், மிதிக்கின்றோம்.

சோதனை செய்கிறவனையும் நாம் பூஜை செய்துவிடுவோம் என்ற ஆபத்தும் உண்டு. கி.மு. 85-ல் மாரியஸ் கிராடிடியானஸ் என்ற அதிகாரி நல்ல காசையும் போலிக் காசையும் பிரித்தறிவதற்கு வழி செய்தார். ஜனங்களுக்கு அதில் உண்டான சந்தோஷத்தில் தெருவுக்குத் தெரு அவருக்குச் சிலை வைத்து, சிலைக்கு முன் சாம்பிராணியும் மெழுகுவர்த்தியும் கொளுத்தினார்கள்! மூன்று வருஷத்தில் எதிர்க் கட்சியார் அவரைக் கொன்றபோது அந்தச் சாம்பிராணி உதவவில்லை. அவர் கற்பித்த வித்தையைக் கையில் எடுத்துக்கொள்வதைவிட்டு, அவரைக் கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனதுதான் மிச்சம். நமது இயக்கத் தோழர்களும் இதை ஞாபகத்தில் வைக்க வேண்டும். நாம் எழுதுவதையும் தட்டிப் பார்த்தே வாங்குங்கள்.

இதெல்லாம் பழங்கதை, இந்தக் காலத்தில் யார் ராஜாவைத் தெய்வம் என்கிறார்கள் என்று சிலர் சமாதானம் சொல்லுவார்கள். ஜப்பான் சக்கரவர்த்தி தாம் தெய்வமல்ல என்று ஒப்புக்கொண்டது 1946-ம் வருஷம் ஜனவரி 1-ந் தேதிதான். அதுவும் யுத்தத்தில் தோற்ற பிறகு. இங்கிலாந்து தேசத்துக் காசில் ராஜாவின் பெயரோடு "கடவுள் கிருபையால்" என்பதற்குரிய எழுத்துகள் இன்றைக்கும் இருக்கின்றன. நமது பாஷையிலோ, கடவுளுக்கும் இறை என்று பெயர், அரசனுக்கும் இறை என்று பெயர், அவன் வாங்கும் வரிக்கும் இறை என்றே பெயர்! மூன்றும் எப்படி ஒன்றாய்ச் சேர்ந்தன என்பதை ரோமாபுரிக் காசைத் திருப்பிப் பார்த்தவர்களுக்கு நாம் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அந்தத் தெய்வங்கள் இன்று எங்கே இருக்கின்றன? எழும்பூர் மியூசியம் போன்ற இடங்களில், நம்பர் சீட்டுடன் இருக்கின்றன. வால் நட்சத்திரமும் உதவவில்லை, கண்ணால் கண்டதாகச் சத்தியம் செய்த இரண்டரை லட்சமும் உதவவில்லை. சாம்பிராணி போடுவார் ஒருவரும் இல்லை. ஆனால் அந்தக் காசில் இருக்கும் வெள்ளி மாத்திரம் இன்றும் வெள்ளியாகவே இருக்கின்றது. சுரங்கத்தில் செத்த அடிமையின் உழைப்பு அது. அது ஒன்றே அக்காசில் மெய். மற்றதெல்லாம் அதன் மேல் அடித்த பொய்.

நமது பாஷையில் காசுக்கும் நாணயம் என்று பெயர். சொன்ன சொல் தவறாத யோக்கியதைக்கும் நாணயம் என்றே பெயர். ஆதலால் யார் வந்து எந்தத் தெய்வத்தின் பேரால், எந்தப் பிறவியின் பேரால், எந்த வேதத்தின் பேரால் உங்களிடம் எதை நீட்டினாலும், முதலில் சுண்டிப் பாருங்கள், பிறகு உரைத்துப் பாருங்கள், பிறகு நிறுத்துப் பாருங்கள். சோதனை கூடாது, பாவம் என்று எவன் சொல்லுகின்றானோ, அவன் கையில் இருப்பது செம்பு என்று அப்பொழுதே தெரிந்துகொள்ளுங்கள்.